வாயிற்கதவும் வாயில்லாச் சாட்சியும்

தலைநகரில் வாழும் நம் குடும்பங்களுள் பல இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளிலேயே வசிக்கின்றன. துவாரகையாயினும் மயூர் விகாராயினும், வாயிலில் முன்பு ஓர் இரும்புக் கதவும், அதனருகே முக்காலியில் அமர்ந்த காவற்காரரும் இருப்பர். இப்பொழுது பல இடங்களில் அக்கதவுக்குப் பதிலாகச் சிவப்பும் வெள்ளையும் தீட்டிய தடைக்கம்பு ஒன்று நிற்கிறது. வண்டி அணுகினால் எழுகிறது. கடந்து சென்றதும் தானே தாழ்கிறது. குழந்தைகள் அதனை மாயக் கதவு என்று எண்ணி மகிழ்கின்றனர். பெரியவர்கள் 'சென்ஸார்' என்ற ஒரே சொல்லில் விளக்கத்தை முடித்துவிடுகின்றனர். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்வது, நம் வண்டியின் கண்ணாடிக்கு மட்டுமன்று, நம் குழந்தைகளின் உயிருக்கும், வாயிலில் நிற்கும் ஏழை மனிதர் ஒருவரின் பிழைப்புக்கும் நன்மை தரும் என்பதைச் சென்ற மழைக்காலத்தில் கண்ணாரக் கண்டேன். அதனை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பொறியியல் கற்றவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் ரயில்வேயில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தரானவன். சமிக்ஞைப் பிரிவின் கோப்புகளைப் பல ஆண்டுகளாகப் புரட்டி வருவதால், ஒரு கருவி ஏன் பழுதுற்றது என்று அறிந்தோர் எழுதும் அறிக்கைகளைப் படிக்கும் வாய்ப்பு மட்டும் எனக்கு உண்டு.

முதலில் கருவியின் இயல்பைக் கூறுகிறேன். வாயிலின் முன் உள்ள சாலையை உற்று நோக்கினால், நீண்ட சதுர வடிவில் மெல்லிய கீறல் ஒன்று தென்படும். அதனுள்தான் இரகசியம் அடங்கியிருக்கிறது. சாலையை இரம்பத்தால் சில விரற்கடை ஆழத்துக்கு அறுத்து, மின்காப்பு உறையிட்ட செம்புக் கம்பியை மூன்று நான்கு சுற்று அதனுள் சுற்றி, மேலே கீல் போன்ற பசையை ஊற்றி மூடிவிடுகின்றனர். இதற்கு 'லூப்' என்று பெயர். கம்பியின் இரு முனைகளும் ஒன்றோடொன்று நன்கு முறுக்கப்பட்டுக் கதவின் அருகிலுள்ள பெட்டிக்குச் செல்கின்றன. அப்பெட்டியில் உள்ள உணர் கருவி, கம்பியின் வழியே விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டத்தை ஓயாது செலுத்திக்கொண்டிருக்கிறது.

சாலையின் மேல் வண்டி வந்து நின்றால் யாது நிகழ்கிறது? வண்டியின் எடையைக் கம்பி உணர்கிறது என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. வண்டியின் அடித்தகட்டில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை சுருளின் காந்தப் புலத்தை எதிர்க்கின்றன. அதனால் சுருளின் மின்தூண்டல் சிறிது குறைகிறது. அதிர்வெண் சிறிது உயர்கிறது. வெற்றுச் சாலைக்கு உரிய அதிர்வெண்ணை முன்பே மனத்தில் பதித்து வைத்துள்ள கருவி, இந்தச் சிறு மாறுதலைக் கண்டு, "வண்டி இருக்கிறது, கம்பு தாழலாகாது" என்று மோட்டாருக்கு ஆணையிடுகிறது. நூறு மனிதர் ஒருங்கே நின்றாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை வைத்தால் உடனே தெரியும். அது அறிவது உலோகத்தை மட்டுமே.

இம்முறை அமெரிக்க நாட்டில் 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சாலை விளக்குகளுக்காகப் பரவியது. அதற்கு முன் 1928ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் சார்லஸ் ஆட்லர் என்பவர் வேறொரு வழி கண்டார். வண்டியோட்டி ஹாரனை ஒலித்தால், ஒலிவாங்கி அதனைக் கேட்டு விளக்கை மாற்றும்! அந்த ஏற்பாடு நம் தில்லிக்கு வராமற் போனது நாம் செய்த பாக்கியமே. வந்திருந்தால் இந்நகரில் எந்த விளக்கும் ஒரு நிறத்தில் ஒரு நிமிடம் நிலைத்திருக்க மாட்டாது.

நிற்க. எங்கள் குடியிருப்பில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். துவாரகையிலுள்ள அக்குடியிருப்பில் நான் வாடகைக்கு இருப்பவன். சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை, நல்ல மழையில், உள்ளே வந்துகொண்டிருந்த கார் ஒன்றின்மீது தடைக்கம்பு தாழ்ந்து, முன்கண்ணாடி விரிசலுற்றது. காரின் உரிமையாளர் வெகுண்டார். கதவை அமைத்த நிறுவனத்தின் ஆள் மறுநாள் வெயிலில் வந்து சோதித்துவிட்டு, "கருவியில் குறையில்லை, காவற்காரர் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துச் சென்றார். குடியிருப்பின் செயற்குழு கூடியது. கண்ணாடியின் விலையைக் காவற்காரரின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துக்கொண்டு, பிடித்து முடிந்ததும் அவரை நீக்கிவிடுவது என்று முடிவாயிற்று.

அவர் பீகாரிலிருந்து வந்தவர். மனைவி மக்களை ஊரில் விட்டு, வாயிலின் அருகேயுள்ள சிற்றறையில் சமைத்து உண்டு, மாதம் பிறந்ததும் ஊருக்குப் பணம் அனுப்புபவர். "பாபுஜி, என் கை பொத்தானின்மேல் இல்லை, குடையின்மேல் இருந்தது" என்று இந்தியில் என்னிடம் ஒரே முறை கூறினார். வேறொன்றும் கூறவில்லை. பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்த நமக்கு, அவ்வொரு வாக்கியத்தின் பொருள் விளங்காமற் போகுமா?

வாடகைக்கு இருப்பவனுக்குச் செயற்குழுவில் வாக்கு இல்லை. ஆனால் வாயிலில் உள்ள வருகைப் பதிவேட்டைப் படிக்க வாக்குத் தேவையில்லை. பதிவேடுகளைப் படிப்பது என் தொழில். அவ்வேட்டை வாங்கி ஒரு மாதத்துக்குப் பின்னோக்கிப் புரட்டினேன். காவற்காரர் வண்டிகளின் எண்களுக்கு இடையே, இந்தியில், 'கேட் கராப்' என்று நான்கு இடங்களில் நேரத்துடன் குறித்து வைத்திருந்தார். மூன்று முறை கம்பு எழுந்தபடியே நின்றுவிட்டது. ஒரு முறை ஸ்கூட்டர் ஒன்றின் பின்னே உரசுவது போல் தாழ்ந்தது. அந்நான்கு நாட்களும் மழை பெய்த நாட்கள் என்பது என் வீட்டு நாட்காட்டியில் துணி உலர்த்தாத நாட்களை என் மனைவி கேலியாகக் குறித்து வைத்திருந்ததிலிருந்து தெரிந்தது. முதற்குறிப்புக்குப் பத்து நாள் முன்னர், தண்ணீர்க் குழாய்க்காக வாயிலின் முன் சாலை தோண்டப்பட்டிருந்தது என்பதும் அதே ஏட்டில், கூலியாட்களின் வருகையாகப் பதிவாகியிருந்தது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற சிக்னல் பராமரிப்பாளர் ஒருவர் வாழ்கிறார், கும்பகோணத்தைச் சேர்ந்தவர். ஏட்டை அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் படித்துவிட்டு, "தம்பி, பழுது எப்போது வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். எப்போது வருவதில்லை என்றும் கேட்க வேண்டும். இது வெயிலில் வராத பழுது. வெயிலில் வந்து பார்த்தவருக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"அப்படியானால் மழை வரும்வரை காத்திருக்க வேண்டுமா, ஐயா?" என்றேன்.

"எதற்கு? வாளி இருக்கிறதே!" என்றார்.

செயலாளரின் இசைவைப் பெற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை நடந்தது. அதன் முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நம் குடியிருப்புகளில் எவருக்கேனும் உதவும்.

முதலில் கதவின் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தினார். சோதனையின் போது கம்பு தாழ்ந்தால் சோதிப்பவர் தலையில்தானே விழும்! பின்னர் உணர் கருவியின் சிறு விளக்குகளை மட்டும் கவனித்தார். காரை மெல்ல ஊர்ந்து வரச் செய்து, எந்த இடத்தில் விளக்கு எரிகிறது, எந்த இடத்தில் அணைகிறது என்று சாலையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டார். பிறகு ஸ்கூட்டர். அது சுருளின் நடுவில் சென்றபோது விளக்குத் தயங்கியது; ஓரக் கம்பியின்மேல் சென்றபோது தெளிவாக எரிந்தது. சிறு வண்டிகளைக் கம்பியின் அருகேதான் சுருள் நன்கு உணரும். உயரமான அடிப்பகுதி உடைய லாரியையும் அது எளிதில் உணராது. சுருளின் குறுகிய பக்கத்தின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு உயரம் வரையில்தான் அதன் ஆற்றல் செல்லும் என்று பெரியவர் விளக்கினார். உணர்வை மிகுதியாக்கும் திருகு ஒன்று கருவியில் உண்டு. எனினும் அதனை எல்லை மீறித் திருப்பினால், பக்கத்து வழியில் செல்லும் வண்டியையும், சறுக்குக் கதவாயின் அக்கதவின் இரும்பையுமே வண்டி என்று எண்ணி ஏமாறும்.

அடுத்து, சுருளின் இரு முனைகளையும் கருவியிலிருந்து கழற்றினார். இஃது இன்றியமையாதது, கழற்றாமல் 'மெக்கர்' என்னும் சோதனைக் கருவியை இணைத்தால், அதன் உயர் அழுத்தத்தில் உணர் கருவி எரிந்துபோகும். மல்டிமீட்டரால் அளந்தபோது கம்பியின் மின்தடை அரை ஓம் அளவே இருந்தது. கம்பி எங்கும் அறுபடவில்லை என்பது அதன் பொருள். பெட்டியில் முனைகளைப் பிணைக்கும் திருகு தளர்ந்திருந்தால் இவ்வெண் நடுங்கும்; இங்கு நடுங்கவில்லை. பின்னர் 500 வோல்ட் மெக்கரைக் கம்பிக்கும் பூமிக்கும் இடையே இணைத்தார். உறை பழுதற்றதாயின் 100 மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். 10 மெகாஓமுக்குக் கீழே சென்றால் ஐயுற வேண்டும். எங்கள் சுருள் 100ஐத் தாண்டிக் காட்டியது. சுற்றி நின்றோர் முகங்களில், "நிறுவனத்தின் ஆள் கூறியது சரிதான்" என்ற எண்ணம் தெரிந்தது. காவற்காரர் தலை கவிழ்ந்து நின்றார்.

அப்பொழுது பெரியவர் வாளியைக் கேட்டார். குழாய்க்காகத் தோண்டி மூடிய இடத்தில், கீறலின் மேல், நிதானமாகத் தண்ணீர் ஊற்றப்பட்டது. இரண்டாம் வாளியிலும் முள் அசையவில்லை. மூன்றாம் வாளியின் பின் சிறிது நேரம் காத்திருந்தோம். மெக்கரின் முள் இறங்கத் தொடங்கியது, பத்தைக் கடந்தது, ஒன்றைக் கடந்தது, அரை மெகாஓமுக்கும் கீழே சென்று நின்றது. அந்த இடத்தைச் செதுக்கிப் பார்த்தபோது, கூலியாட்களின் கடப்பாரை கம்பியின் உறையைச் சுரண்டிவிட்டிருந்ததும், மேலே பசைக்குப் பதிலாகச் சிமெண்டுக் கலவை பூசப்பட்டு அது வெடித்திருந்ததும் வெளிப்பட்டன. மழைநீர் அவ்வழியே இறங்கும்போதெல்லாம் கம்பிக்கும் மண்ணுக்கும் தொடர்பு உண்டாகிக் கருவி தடுமாறியிருக்கிறது. இல்லாத வண்டியை இருப்பதாகவும், இருக்கும் வண்டியை இல்லாததாகவும் கொண்டிருக்கிறது.

செயலாளர் நேர்மையானவர். அன்று மாலையே செயற்குழுவைக் கூட்டித் தீர்மானத்தை ரத்துச் செய்தார். பிடித்த தொகை திருப்பித் தரப்பட்டது. புதிய கம்பி, இணைப்பே இல்லாத ஒரே நீளக் கம்பியாக, மூலைகளைச் சாய்வாக அறுத்த புதிய கீறலில் இடப்பட்டது. கூர்மையான மூலையில் வளைந்தால் உறை நாளடைவில் கிழியும் என்பதனால் அந்தச் சாய்வு.

நிற்க. இந்நிகழ்ச்சிக்குப் பின் என் மனம் ரயில்வேயின் பழைய நெறி ஒன்றைச் சுற்றி வந்தது. தண்டவாளத்தில் வண்டி நிற்பதை அறியும் 'டிராக் சர்க்யூட்' என்னும் மின்சுற்றினை வில்லியம் ராபின்ஸன் என்பவர் 1872ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டார். இரு தண்டவாளங்களின் வழியே சிறு மின்னோட்டம் ஓடி, ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டி வந்தால் அதன் சக்கர அச்சு இரு தண்டவாளங்களையும் இணைத்து, மின்னோட்டத்தைத் திருப்பிவிடும், ரிலே விழும், சிவப்பு விளக்கு எரியும். இதில் உள்ள அருமை யாதெனில், கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும், தண்டவாளமே முறிந்தாலும் ரிலே விழுந்து சிவப்பே தோன்றும். பழுது நேரும்போது கருவி ஆபத்தை நோக்கிச் சாயாமல் காவலை நோக்கிச் சாய வேண்டும் என்பதே அந்நெறி.

சாலைச் சுருளுக்கு இன்னும் நெருங்கிய உறவு 'ஆக்ஸில் கவுண்டர்' என்னும் அச்சு எண்ணி. நம் தில்லியை அடுத்த சாகிபாபாத்தில், 1974ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் என்னும் அரசு நிறுவனம் அதனைச் செய்கிறது. தண்டவாளத்தருகே உள்ள காந்தச் சுருளைச் சக்கரம் கடக்கும் போதெல்லாம் ஒன்று, இரண்டு என எண்ணுகிறது. உள்ளே சென்ற அச்சுகளின் எண்ணும் வெளியே வந்த அச்சுகளின் எண்ணும் ஒத்தால்தான் தடம் காலி என்று சொல்லும். ஒவ்வாவிட்டால் எவரும் தம் விருப்பம்போல் அதனைப் பூஜ்யமாக்கிவிட முடியாது. தடத்தில் வண்டியோ பெட்டியோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விதிப்படியே செய்ய வேண்டும். நம் வாயிற்கதவில் நடப்பதோ வேறு. கம்பு எழுந்தபடி நின்றால், சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் போடுகிறோம். அவ்வேளையில் சுருளின்மேல் ஒரு கார் நின்றிருந்தால், பல கருவிகள் அக்காரையும் சேர்த்தே வெற்றுச் சாலை என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். பின்னர் அக்கார் நிற்கும்போதே கம்பு தாழக்கூடும். மின்வெட்டு வந்து ஜெனரேட்டருக்கு மாறும் தருணத்திலும் இதே ஆபத்து உண்டு. ஆதலால் சுருளின்மேல் வண்டி இல்லாதபோது மட்டுமே சுவிட்சைத் தொடுவது என்ற விதியை எங்கள் வாயிலில் எழுதித் தொங்கவிட்டோம்.

கதவு என்பது விளையாட்டுப் பொருளன்று என்பதை நம் நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் ஆளில்லாத லெவல் கிராசிங் ஒன்றில் பள்ளி வேன்மீது ரயில் மோதிப் பதின்மூன்று குழந்தைகள் மாண்டனர். 2019ஆம் ஆண்டு ஜனவரி இறுதிக்குள் அகலப் பாதையில் ஆளில்லாக் கிராசிங்குகள் அனைத்தும் நீக்கப்பட்டன. எனினும் 2025ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், நம் கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில், ஆள் இருந்தும் சமிக்ஞையோடு பிணைக்கப்படாத கதவொன்றில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். கதவு மூடிப் பூட்டப்பட்டாலன்றிச் சமிக்ஞை பச்சையாகாது என்னும் பிணைப்பு இருக்குமிடத்தில், ஒரு மனிதரின் மறதியோ அயர்வோ உயிர்களைப் பறிக்க விடாமல் கருவி தடுத்து நிற்கும். மனிதரைக் காக்கும்படி கருவியை அமைப்பதே முறை. கருவியின் குறைக்கு மனிதரைப் பலியிடுவது முறையன்று.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். தரையிலுள்ள சுருள் நம் குழந்தையைக் காணாது, நாயைக் காணாது, கைத்தடி ஊன்றி நடக்கும் பாட்டியையும் காணாது. அவர்களைக் காப்பதற்கு வாயிலின் இருபுறமும் ஒளிக்கதிர்க் கண் தனியே வேண்டும். கம்பு தாழும்போது, ஓர் அட்டைப்பெட்டியை நீண்ட கழியில் கட்டி அக்கதிரின் குறுக்கே நீட்டிப் பாருங்கள். கம்பு நின்று, மீண்டும் எழ வேண்டும். எழாவிட்டால் அன்றே சரி செய்யச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை இச்சோதனையையும், மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை மெக்கர்ச் சோதனையையும் செய்து, அளவுகளைத் தேதியிட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். சாலையைத் தோண்ட வருவோருக்குக் கம்பி செல்லும் வழியைச் சுண்ணாம்புக் கோடிட்டுக் காட்டுங்கள். நடைபாதை தனியே இருந்தால், குழந்தைகளைக் கம்பின் கீழே ஓடாமல் அவ்வழியே செல்லப் பழக்குங்கள்.

இவற்றோடு, வாயிலில் நிற்பவர் எழுதி வைக்கும் குறிப்பை வாரத்துக்கு ஒரு முறையேனும் படியுங்கள். எந்தக் கருவியும் நாள் முழுதும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, அவர் பார்க்கிறார். கதவில் குறை தோன்றும்போது அவரைக் குற்றவாளியாக நிறுத்துவதற்கு முன், முதற்சாட்சியாக அழைத்துக் கேட்பதே அறிவுடைமையும் அறமும் ஆகும்.